உளவியல் படிக்க வேண்டும் என்கிற பிள்ளையை எங்கே சேர்ப்பது?

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் இருக்கும் மகனோ மகளோ "உளவியல் படிக்கப் போகிறேன்" என்று சொன்னதும் வீட்டில் உடனே எழும் கேள்வி, அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பதுதான். கொஞ்ச நாளில் அது ஓய்ந்துவிடும். அப்புறம் வரும் கேள்விதான் பெற்றோரை உண்மையில் திணறவைக்கிறது: எங்கே படிப்பது? தொடக்கக் கல்லூரியில் அந்தப் பாடமே இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு அனுப்பினால் பல்கலைக்கழகம் கைநழுவிப் போகுமோ என்று பயம். ஐபி எனப்படும் அனைத்துலகப் பட்டயப் படிப்பு என்றால் செலவு. பதினாறு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள மாணவர்களுக்கு நான் உளவியல் கற்பிக்கிறேன். ஓ லெவல் முடிவுகள் வரும் ஜனவரியில் இந்தக் கேள்வியோடு தமிழ்ப் பெற்றோர் தேடி வருவது வழக்கம். அவர்களிடம் சொல்வதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், பிள்ளை கடைசியில் என்ன ஆக விரும்புகிறது என்று கேளுங்கள். உளவியலாளர், மனநல மருத்துவர், ஆலோசகர், சமூக ஊழியர் எல்லாரையும் ஒரே ஆளாக நினைத்துப் பேசுகிறோம். இந்த இடத்தில் அது கையைக் கடிக்கும். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் ஆவதற்கு முதலில் மருத்துவம் படிக்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்புக்கு, தொடக்கக் கல்லூரியின் ஏ லெவல் தேர்வு வழியாகப் போகிறவர்களிடம் எச்2 (முழுப் பாடமாகப் படிக்கும் நிலை) வேதியியலும், அதோடு உயிரியல் அல்லது இயற்பியலும் எதிர்பார்க்கிறார்கள். சிகிச்சை உளவியலாளர் ஆக மருத்துவம் தேவையில்லை, ஆனால் இளநிலைப் பட்டத்துக்குமேல் முதுநிலையும் முடிக்க வேண்டும். தொடக்கக் கல்லூரி இரண்டு ஆண்டு, பட்டம் நான்கு, முதுநிலை இரண்டு என்று கூட்டிப் பாருங்கள். பையன்களுக்கு நடுவில் தேசிய சேவை இரண்டு ஆண்டு. நெடும் பயணம் இது. பட்டயமோ இளநிலையோ முடித்த கையோடு ஆட்களை உட்காரவைத்துச் சிகிச்சை கொடுக்கலாம் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால், அதை இப்போதே பேசித் தெளிவுபடுத்துவது நல்லது.

இரண்டாவது, அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளை தன் கையால் என்ன செய்யப்போகிறது. உளவியல் என்றால் மனிதர்களைப் பற்றிப் பேசுவது என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே அவர்களைத் தடுமாறவைப்பது புள்ளியியலும் ஆய்வு முறையும். ஒரு கேள்வியை எழுப்பி, ஆட்களிடம் ஒப்புதல் வாங்கி, தரவு திரட்டி, கிடைத்த எண்ணை நேர்மையாக வாசிக்கும் பழக்கம் எந்த வழியில் கிடைக்கிறதோ அந்த வழிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்றாவது, யார் கற்பிக்கிறார், அவருக்கு யார் துணை. இதைக் கேட்கும் பெற்றோர் மிகவும் குறைவு. பிறகு வழக்கமானவை: பணம், காலம், மனம் மாறினால் வெளியேறும் வாய்ப்பு.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பார்வை:

| வழி | காலம் | உளவியல் எவ்வளவு | கட்டணம் (குடிமக்களுக்கு) | மனம் மாறினால் |
|---|---|---|---|---|
| தொடக்கக் கல்லூரி | 2 ஆண்டு | பாடமாக இல்லை | பெரும்பாலான கல்லூரிகளில் மாதம் 50 வெள்ளிக்குள் | எல்லா வாய்ப்பும் அப்படியே இருக்கும் |
| பலதுறைத் தொழிற்கல்லூரி | 3 ஆண்டு | பெரும்பகுதி | ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி | துறை மாறுவது கடினம் |
| ஐபி பட்டயம் | 2 ஆண்டு | ஆறு பாடங்களில் ஒன்று | பள்ளிக்குப் பள்ளி பெரிதும் மாறும் | ஓரளவு எளிது |
| இந்திய, அமெரிக்க, பிரிட்டிஷ் பாடத்திட்டம் | 1 முதல் 2 ஆண்டு | ஒரு பாடம் | குடிமக்கள் சேர்வதற்கே கட்டுப்பாடு உண்டு | ஓரளவு எளிது |

## தொடக்கக் கல்லூரி

உளவியல் இல்லாத இடத்துக்கு உளவியல் ஆர்வலரை ஏன் அனுப்ப வேண்டும்? காரணம் எளிது. இங்குள்ள பல்கலைக்கழகங்களில் உளவியல் பட்டப்படிப்பு அடிப்படையிலிருந்து தொடங்குகிறது. உள்ளே வருகிறவர் முன்பே உளவியல் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. எழுதத் தெரிந்தவர்களும் எண்ணுக்குப் பயப்படாதவர்களும்தான் அங்கே தேறுகிறார்கள். இரண்டையும் தொடக்கக் கல்லூரி நன்றாகவே பயிற்றுவிக்கிறது.

குறிப்பாக எச்2 கணிதம். அதன் புள்ளியியல் பகுதியில் மாதிரி எடுத்தல், கருதுகோள் சோதனை, ஒட்டுறவு, தொடர்புப்போக்கு எல்லாம் வருகின்றன. பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் பலர் முட்டி மோதும் இடமும் இதுதான். எச்2 உயிரியல் எடுத்தால் உயிரணுக்களும் மரபியலும் பழக்கமாகிவிடும். மனநல மருத்துவர் ஆகும் எண்ணம் துளியளவு இருந்தாலும் வேதியியலைக் கைவிட வேண்டாம். தமிழ்மொழியும் இலக்கியமும் எச்2 பாடமாக எடுப்பதை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பக்கம் பக்கமாக ஆதாரம் காட்டி எழுதும் பயிற்சி, பின்னாளில் தமிழ் பேசும் முதியவர் ஒருவரின் எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்கப்போகிறவருக்குக் கட்டாயம் உதவும்.

மதிப்பெண் கணக்கும் மாறியிருக்கிறது. 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து உச்ச மதிப்பெண் 90 இல்லை, 70. மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளும்தான் அடிப்படைக் கணக்கு. நான்காவது பாடம் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேர்த்துக்கொள்வார்கள். ஆக, விருப்பத்துக்காக ஒரு பாடம் எடுக்க முன்பைவிடக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2027-இலோ அதற்குப் பிறகோ பிள்ளை உயர்நிலை நான்கை முடிப்பதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2027 முதல் ஓ லெவலுக்குப் பதிலாக சிங்கப்பூர் கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. 2028 தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களைத்தான் கணக்கிடுவார்கள், வெட்டுப்புள்ளி 16 (இந்தக் கணக்கில் எண் குறைவாக இருப்பதே நல்லது).

மறைந்திருக்கும் செலவு, ஆர்வம் வற்றிப்போவது. இரண்டு ஆண்டு உளவியலைத் தொடாமல் இருக்கும் பிள்ளை அதை மறந்துவிடலாம், அல்லது சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்து அதுதான் உளவியல் என்று நம்பிவிடலாம். இதற்கு வீட்டிலேயே வழி உண்டு. இந்தியாவின் என்சிஇஆர்டி உளவியல் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பதோடு ஒரு சோதனையும் செய்து பார்க்கட்டும்.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பொருத்தமானது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையிலும், "நீலம்" என்பதை மஞ்சள் மையிலும், இப்படி இருபது சொற்களை ஒரு தாளில் எழுத வேண்டும். எதிரே இருப்பவர் சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் நேரம் பார்க்க வேண்டும். நாக்கு தடுமாறும், ஏனென்றால் வாசிக்கத் தெரிந்தவரால் வாசிக்காமல் இருக்க முடிவதில்லை. அதே தாளை ஆங்கிலத்திலும் தயார் செய்து, பாட்டியிடமும் தம்பியிடமும் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். எந்த மொழியில் ஒருவருக்குச் சரளம் அதிகமோ அந்த மொழியில்தான் தடுமாற்றமும் பொதுவாக அதிகம். தமிழில் பாட்டி திணறுவதையும், ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் வாசித்துப் பழகிய பேரன் தமிழ்த் தாளைச் சுலபமாகக் கடப்பதையும் ஒரே மாலையில் காணக்கூடும். முடிவு அப்படி வராமலும் போகலாம். வராதபோது ஏன் வரவில்லை என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இரண்டு தாள்களில் எதை முதலில் கொடுத்தோம், பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்க வருமா, அறையில் வெளிச்சம் போதுமானதாக இருந்ததா என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் அது ஆய்வு முறைதான்.

எதிர்காலம் இன்னும் முடிவாகாத, படிப்பில் ஓரளவு வலுவான, பல துறைகளிலும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இந்த வழியே என் முதல் பரிந்துரை.

## பலதுறைத் தொழிற்கல்லூரி

தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உளவியலுக்கென்றே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. ரிப்பப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மனிதவள நிர்வாகத்தோடு உளவியலும் சேர்ந்த படிப்பு உண்டு. பெயரில் உளவியல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. பின்னதில் அலுவலகம், ஆட்சேர்ப்பு, ஊழியர் நலன் பக்கம்தான் கனம் அதிகம். இப்படிப்பட்ட படிப்புகளின் பெயரும் உள்ளடக்கமும் அடிக்கடி மாறுகின்றன. சேரும் ஆண்டின் பாடப் பட்டியலைத் திறந்து, உளவியல் என்ற சொல் எத்தனை பாடங்களில் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பதினேழு வயதிலேயே வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆய்வு முறை எல்லாம் படித்து, வேலைப் பயிற்சிக்கும் போய்வரும் வாய்ப்பு இந்த வழியின் பெரிய பலம். முதியோர் பராமரிப்பு நிலையத்திலோ சிறப்புக் கல்விப் பள்ளியிலோ சில வாரங்கள் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்பது விளங்கிவிடும். மற்றவர்களுக்கு அது பட்டம் முடித்த பிறகுதான் தெரியவரும்.

சரி, மறைந்திருக்கும் செலவு? முதல் ஆண்டிலிருந்தே வாங்கும் மதிப்பெண்கள் இறுதிச் சராசரியில் சேர்கின்றன. சீருடையும் இல்லை, விரட்டிப் படிக்கவைக்க ஆசிரியரும் இல்லை என்ற சுதந்திரத்தில் முதல் ஆண்டைத் தொலைத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் மீட்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழக உளவியல் இடங்களுக்குப் போட்டி கடுமையாக இருப்பதால் அந்தச் சராசரி மிகவும் முக்கியம். குழுவேலை ஏராளம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது நல்ல பயிற்சியாகவும் அமையலாம், பெரும் வேதனையாகவும் அமையலாம். இரண்டாம் ஆண்டில் "எனக்குக் கணினி பிடித்திருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அநேகமாக மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். மருத்துவம் போகும் வாய்ப்பும் ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

இரண்டு பெரிய தேர்வுகளின் அழுத்தத்தில் வாடிப்போகிற, ஆனால் தொண்டூழியம், பேச்சு, குழுவேலை என்று வந்தால் ஒளிர்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அதைத் "தொடக்கக் கல்லூரி கிடைக்காததால்" என்று உறவினர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உளவியல் பட்டயத்துக்கான வெட்டுப்புள்ளி கடுமையானது, விரும்பிய எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை.

## ஐபி பட்டயம்

உள்ளூர் மாணவர்கள் சேரக்கூடிய பள்ளிகளில் ஆங்கிலோ சீனப் பள்ளி (இன்டிபென்டன்ட்), செயின்ட் ஜோசஃப்ஸ் இன்ஸ்டிடியூஷன், கலைப்பள்ளி ஆகியவை ஐபி நடத்துகின்றன. தனியார் கட்டணப் பள்ளிகளிலும் அனைத்துலகப் பள்ளிகளிலும் ஐபி உண்டு. ஆனால் ஐபி இருக்கும் இடத்திலெல்லாம் உளவியல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பள்ளி விரும்பினால் நடத்தும் பாடம் அது. சேர்வதற்குமுன் நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாடம் நடந்தால், பள்ளி அளவில் உளவியலை ஆழமாகத் தொடும் வழிகளில் இதற்கு முதலிடம் தருவேன். 2025-இல் புதிய பாடத்திட்டம் தொடங்கியது, அதன் முதல் தேர்வு 2027-இல். உயிரியல், அறிதல், சமூகப் பண்பாடு என்று மூன்று கோணங்களிலிருந்து மனித நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. சோதனை, நேர்காணல், உற்றுநோக்கல், கருத்தாய்வு என்ற நான்கு முறைகளையும் வகுப்பில் செய்து பார்க்க வேண்டும். உள்மதிப்பீட்டுக்கு மாணவர் தானே ஓர் ஆய்வு முன்மொழிவு எழுதுகிறார். பாடத்தை ஐபியின் ஹையர் லெவலில் எடுப்பவர்களுக்குத் தரவை வாசித்து விளக்கும் தனித் தாளும் உண்டு. ஐபியில் எல்லாரும் எழுதும் 4,000 சொல் நீளக் கட்டுரையையும் உளவியலில் எழுதலாம்.

பாடத்திட்டம் புதிது என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. அண்ணன் அக்காவிடமிருந்து வாங்கிய குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் பாதிக்குமேல் பொருந்தா. அவற்றைக் காட்டி விற்கும் துணைப்பாட வகுப்புகளிடம் கவனமாக இருங்கள். ஆங்கிலத்தில் வாதம் கட்டி எழுதுவது கடினம் என்றால் உளவியல் மட்டுமல்ல, ஐபி முழுவதுமே பாரமாகும். அதோடு, பெரும்பாலான அனைத்துலகப் பள்ளிகள் மே மாதத் தேர்வு எழுதுகின்றன, உள்ளூர் ஐபி பள்ளிகள் நவம்பரில் எழுதுகின்றன. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும், பையன்களின் தேசிய சேவைக்கும் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## இந்திய, அமெரிக்க, பிரிட்டிஷ் பாடத்திட்டங்கள்

சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேர கல்வி அமைச்சின் அனுமதி தேவை. எனவே இந்தப் பகுதி பெரும்பாலும் வேலை அனுமதியில் வந்திருக்கும் குடும்பங்களுக்கு. கட்டணம் பள்ளியைப் பொறுத்து ஆண்டுக்குச் சுமார் 15,000 வெள்ளியிலிருந்து 50,000 வரை போகும்.

இந்தியாவின் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உளவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. நுண்ணறிவு, ஆளுமை, மனப்பதற்றம் போன்றவற்றை அளக்கும் சோதனைகளைச் செய்து பார்த்து, ஒருவரைப் பற்றிய விவர ஆய்வும் எழுத வேண்டும். கல்லூரிக்குத் தமிழகமோ பெங்களூரோ திரும்பும் திட்டம் இருந்தால், அல்லது அப்பாவின் வேலை எப்போது ஊர் மாறும் என்று தெரியாத நிலை இருந்தால் இதுதான் பாதுகாப்பு.

அமெரிக்க ஏபி (பள்ளியிலேயே கல்லூரி அளவில் படிக்கும் பாடம்) உளவியல் ஓராண்டுப் பாடம். 2024-25 கல்வியாண்டில் அதைத் திருத்தி ஐந்து அலகுகளாக்கினார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்து அலசுவது இப்போது தேர்விலேயே வருகிறது, நல்ல மாற்றம். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் உளவியலில் பன்னிரண்டு மூல ஆய்வுகளை அக்குவேறு ஆணிவேறாகப் படிக்க வேண்டும். அவற்றில் ஒன்று, நேபாளத்தில் யானைகளுக்குப் பரிசு கொடுத்துத் தும்பிக்கை கழுவப் பழக்கியது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பதைவிடச் சிலவற்றை ஆழமாகப் படிக்கப் பிடிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தும்.

## ஆசிரியர் தனியாளா?

கணிதத்துக்குப் பத்து ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் உளவியலுக்கு ஒருவரே இருப்பது சாதாரணம். அவர் விடைத்தாளைச் சரியாகத் திருத்தினாரா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து மேசையில் ஆள் இல்லை. பிரசவ விடுப்பில் போனால் வகுப்பு நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆசிரியருக்குத் துணை வரும் வழிகள் மூன்று. தேர்வு வாரியம் நடத்தும் பயிலரங்கு மதிப்பெண் முறையைத் துல்லியமாகச் சொல்லித்தரும், ஆனால் கட்டணம் அதிகம், பள்ளி கொடுக்க முன்வர வேண்டும். புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவருக்கு இதுவே முதலில் வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தில் உயர்நிலைப்பள்ளி உளவியல் ஆசிரியர்களுக்கென்றே டாப்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. பாடத் திட்டங்களும் வகுப்புச் செயல்பாடுகளும் அங்கே நிறைய. அச்சங்கம் 2022-இல் திருத்திய உயர்நிலைப்பள்ளி உளவியல் தரநிலைகள் எந்தப் பாடத்திட்டத்தைக் கற்பிப்பவருக்கும் பயன்படும். எடுத்துக்காட்டுகள் அமெரிக்காவைச் சுற்றியே இருக்கும், நம் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்ற நேரம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, பக்கத்துப் பள்ளியின் உளவியல் ஆசிரியர். மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து ஒருவர் தாளை மற்றவர் திருத்திப் பார்த்தால் அதற்கு இணையான பயிற்சி வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. செலவு, ஒரு காப்பி.

இதைப் பெற்றோரிடம் ஏன் சொல்கிறேன் என்றால், உளவியல் வகுப்பில் பாடத்தோடு நிற்காத விஷயங்களும் நடக்கின்றன. மனச்சோர்வு, பதற்றம் பற்றிய பாடம் நடக்கும் வாரத்தில் "இது எனக்கும் இருக்கிறது" என்று பிள்ளைகள் மெதுவாக வந்து சொல்வார்கள். சிலருக்கு அது படித்ததன் பாதிப்பு, தானாகத் தணியும். சிலருக்கு அது உண்மையான உதவிக் குரல். இரண்டையும் பிரித்தறிவது ஆசிரியரின் வேலையல்ல. அவர் பதற்றப்படாமல் கேட்டு, பள்ளி ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அவருக்குப் பள்ளியின் ஆதரவு வேண்டும். மனநலக் கழகத்தின் இளையர் நிலையமான சேட், 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு இலவச மனநல மதிப்பீடு செய்கிறது. 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் உண்டு. இவை தெரிந்த ஆசிரியரிடம் உங்கள் பிள்ளை உளவியல் படிப்பது நிம்மதி.

அதனால் பள்ளிகளின் ஓப்பன் ஹவுசுக்குப் போகும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள்: உளவியல் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் உளவியலில் பட்டம் பெற்றவர்களா, நடுவில் ஒருவர் விலகினால் என்ன ஏற்பாடு, மாணவர் நடத்தும் ஆய்வுகளை யார் பார்த்து அனுமதிக்கிறார், மனநோய்ப் பாடம் நடக்கும்போது ஆலோசகர் வகுப்பை அறிவாரா. தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் ஓப்பன் ஹவுஸ் ஜனவரியில் நடக்கும். உயர்நிலை நான்கின் ஜனவரியிலேயே போய்விடுங்கள், அடுத்த ஆண்டு முடிவுகள் வந்த பிறகு போனால் தாமதம். ஏனென்றால், மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஆர்வத்தையும் பார்த்துச் சேர்க்கும் முன்கூட்டிய சேர்க்கைக்கு ஜூன் மாதவாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணலில் ஏன் உளவியல் என்று கேட்பார்கள். வீட்டில் செய்த ஸ்ட்ரூப் சோதனையின் தாள்களையும் நேரப் பட்டியலையும் பிள்ளை அப்போது எடுத்துக்கொண்டு போகலாம்.